வாரம் ஒரு நீல மாத்திரை: அரசுப் பள்ளியில் இரும்புச்சத்து ஏன், எப்படி?

அரசுப் பள்ளிகளில் பதின் வயதுப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நாள் நீல நிறத்தில் ஒரு மாத்திரை தருகிறார்கள். ஆண்டுக்கு இரண்டு முறை, மென்று விழுங்க வேண்டிய இன்னொரு மாத்திரையும் வரும். முதலாவது இரும்புச்சத்து மாத்திரை. இரண்டாவது குடற்புழு நீக்க மாத்திரை. இவற்றைப் பற்றி வீடுகளில் மூன்று விதமான பேச்சு அடிபடுகிறது. "இதைச் சாப்பிட்டால் பின்னாளில் குழந்தை பிறக்காது" என்பது ஒன்று. "என் பெண் நன்றாகத்தானே இருக்கிறாள், அவளுக்கு எதற்கு மாத்திரை" என்பது இன்னொன்று. "சத்து மாத்திரைதானே, இரண்டு கூடுதலாகச் சாப்பிட்டால் என்ன" என்பது மூன்றாவது. மூன்றுமே தவறு. மூன்றாவது உயிருக்கே ஆபத்தானது.

பள்ளிகளில் மாணவர் நலனுக்காக எத்தனையோ திட்டங்கள் இருக்கின்றன. அவற்றில் இந்த மாத்திரைத் திட்டத்தை மட்டும் எடுத்து, அது எப்படி வேலை செய்கிறது என்று அடிப்படையிலிருந்து பார்க்கலாம். மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் கழித்தல் தெரிந்தால் போதும்.

இரும்புக்கு உடலில் என்ன வேலை?

நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜன் நுரையீரலோடு நின்றுவிட்டால் பயனில்லை. தசைக்கும் மூளைக்கும் அது போய்ச் சேர வேண்டும். அதைச் சுமந்து செல்வது இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின் என்ற புரதம். ஒவ்வொரு ஹீமோகுளோபின் மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உண்டு. ஆக்சிஜன் பற்றிக்கொள்வது அந்த இரும்பைத்தான். இரும்பு போதாமல் போனால் ஹீமோகுளோபின் உற்பத்தி குறைகிறது, உடலெங்கும் ஆக்சிஜன் வரத்தும் குறைகிறது.

இரத்தத்தில் ஹீமோகுளோபின் இருக்க வேண்டிய அளவுக்குக் கீழே போவதையே இரத்தசோகை என்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் வரையறைப்படி 5 முதல் 11 வயது வரை ஒரு டெசிலிட்டருக்கு, அதாவது 100 மில்லிலிட்டர் இரத்தத்துக்கு, 11.5 கிராமுக்குக் கீழும், 12 முதல் 14 வயது வரை 12 கிராமுக்குக் கீழும் இருந்தால் இரத்தசோகை. 15 வயது முதல் பெண்களுக்கு 12, ஆண்களுக்கு 13 கிராம்.

'எனக்கு ரத்தம் கம்மி' என்று பலர் சொல்வதில் இரத்தத்தின் அளவே குறைந்துவிட்டது போன்ற பொருள் தொனிக்கிறது. உடம்பில் ஓடும் இரத்தம் அநேகமாக அதே அளவுதான் இருக்கும். அதன் சுமக்கும் திறன்தான் குறைந்திருக்கும். அதனால்தான் மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குகிறது, பிற்பகல் வகுப்பில் கண் சொருகுகிறது, படித்தது மனத்தில் நிற்க மறுக்கிறது. இப்படிப்பட்ட பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டுகிற வீடுகளும் வகுப்பறைகளும் இன்னும் நிறைய இருக்கின்றன. அந்தப் பிள்ளை சோம்பேறி இல்லை. அதன் மூளைக்கும் தசைக்கும் வர வேண்டிய ஆக்சிஜன் முழுதாக வந்து சேரவில்லை.

வரவு, செலவு, சேமிப்பு

உடலில் இரும்பு நடத்தும் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள, சின்ன வருமானத்தில் ஓடும் ஒரு குடும்பத்தின் கணக்குப் புத்தகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். மாதச் சம்பளம் கொஞ்சம்தான். ஆனால் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் பொருளை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துகிறார்கள். எதிர்பாராத செலவுக்கென்று ஒரு சேமிப்பும் உண்டு.

வளர்ந்த ஒருவரின் உடலில் மொத்தம் 3 முதல் 4 கிராம் இரும்புதான் இருக்கிறது. அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது அழியும்போது உடல் அதிலுள்ள இரும்பைப் பிரித்தெடுத்துப் புதிய அணுவுக்குக் கொடுத்துவிடுகிறது. புதிய சிவப்பணுக்களை உருவாக்க நாள்தோறும் 20 மில்லிகிராமுக்கும் மேல் இரும்பு வேண்டும். ஏறக்குறைய முழுவதும் இப்படி மறுசுழற்சியில் கிடைப்பதுதான். உணவிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளொன்றுக்கு வெறும் 1 அல்லது 2 மில்லிகிராம். அதுதான் சம்பளம். தோல் உதிர்வதிலும் குடல் செல்கள் உதிர்வதிலும் தினம் ஏறக்குறைய 1 மில்லிகிராம் போய்விடுகிறது. அது தவிர்க்க முடியாத செலவு.

சேமிப்பு எங்கே? கல்லீரல் போன்ற இடங்களில் ஃபெரிட்டின் என்ற புரதம் இரும்பைப் பொதிந்து வைத்திருக்கிறது. செலவு கூடும்போது உடல் முதலில் கைவைப்பது இதில்தான். பலருக்கும் தெரியாத செய்தி இதற்குள் இருக்கிறது: சேமிப்பு கரைந்துகொண்டே வரும் காலம் முழுக்க ஹீமோகுளோபின் அளவு சரியாகவே இருக்கும். குடும்பம் நகையை அடகு வைத்து அரிசி வாங்கும்போதும் அடுப்பு எரிந்துகொண்டுதானே இருக்கும்? சேமிப்பு தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் சரியத் தொடங்குகிறது. ஆக, 'என் பெண் நன்றாகத்தானே இருக்கிறாள்' என்று அம்மா சொல்லும் நாளில் அந்தப் பெண்ணின் இரும்புச் சேமிப்பு காலியாகியிருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் தெரியாது.

பதின் வயதில் ஏன் பற்றாக்குறை?

பத்து வயதிலிருந்து பிள்ளைகள் கிடுகிடுவென வளர்கிறார்கள். உயரம் கூடுகிறது, தசை கூடுகிறது, இரத்தத்தின் மொத்த அளவும் கூடுகிறது. ஒவ்வொன்றுக்கும் புதிதாக இரும்பு வேண்டும். பெண்பிள்ளைகளுக்கு இதோடு மாதவிடாயும் சேர்கிறது. ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஒரு மாதவிடாயில் 30, 40 மில்லிலிட்டர் இரத்தம் போவது இயல்பு. அதாவது மாதம் 15 முதல் 20 மில்லிகிராம் கூடுதல் செலவு. அதிக இரத்தப்போக்கு உள்ளவர்களுக்கு இது இன்னும் பெருகும்.

நாடு முழுவதும் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வு (2019–21), 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை இருப்பதாகக் கண்டது. அதே வயது ஆண்களில் 31.1 சதவீதம். இந்த இரண்டாவது எண்ணைக் கவனிக்க வேண்டும். 'அது பெண்பிள்ளைகள் மாத்திரை' என்று பையன்கள் ஒதுங்குவதையும், அதைப் பெரியவர்கள் கண்டுகொள்ளாமல் விடுவதையும் பார்க்கிறோம். மூன்றில் ஒருவனுக்கு ஏறக்குறைய இருக்கும் குறையைப் பெண்களுக்கு மட்டுமே உரியது என்று எப்படிச் சொல்வது?

எண்களைப் பற்றி ஒரு குறிப்பு. 2016–18இல் நடந்த தேசிய விரிவான ஊட்டச்சத்து ஆய்வு, 10 முதல் 19 வயதினரில் 28 சதவீதத்தினருக்கு இரத்தசோகை என்று சொன்னது. பெண்பிள்ளைகளில் 40 சதவீதம், ஆண்பிள்ளைகளில் 18 சதவீதம். ஏன் இவ்வளவு வித்தியாசம்? வயது வரம்பு வேறு. குடும்ப நல ஆய்வில் விரல் நுனியில் குத்தி எடுத்த சொட்டு இரத்தம். ஊட்டச்சத்து ஆய்வில் இரத்தக் குழாயிலிருந்து ஊசியால் எடுத்த இரத்தம். விரல் நுனிச் சொட்டில் அளவு பிசகுவதற்கு வாய்ப்பு அதிகம். எது துல்லியம் என்ற விவாதம் நடந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் ஐந்து பெண்பிள்ளைகளில் இருவருக்கு இரத்தசோகை.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: இரும்பு ஆக்சிஜனைச் சுமக்க உதவுகிறது. உடலுக்கு அதில் வரவு மிகச் சிறிது. பதின் வயதில் வளர்ச்சியும் மாதவிடாயும் செலவைக் கூட்டுகின்றன. சேமிப்பு முதலில் கரைகிறது, இரத்தசோகை பிறகுதான் தெரிகிறது.

கணக்கில் திருட்டு: குடற்புழு

செலவு கூடினால் வரவைக் கூட்டலாம். திருட்டு நடந்தால் என்ன செய்வது? குடற்புழு செய்வது அதைத்தான்.

மண்ணின் வழியாகப் பரவும் குடற்புழுக்கள் மூன்று வகை: உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. இரும்புக் கணக்கில் முக்கியமானது கொக்கிப்புழு. அது சிறுகுடலின் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சுகிறது. தென்னிந்தியாவில் பரவலாக உள்ள வகையில் ஒரு புழுவால் நாளொன்றுக்கு ஏற்படும் இரத்த இழப்பு சுமார் 0.03 மில்லிலிட்டர். ஒன்றுமே இல்லை என்று தோன்றும். நூறு புழுக்கள் இருந்தால் தினம் 3 மில்லிலிட்டர். அதில் ஒன்றரை மில்லிகிராம் வரை இரும்பு. ஒரு பகுதியைக் குடல் மீண்டும் உறிஞ்சிக்கொண்டாலும், உணவிலிருந்து கிடைக்கும் அன்றாட வரவே 1 அல்லது 2 மில்லிகிராம்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். வருகிற சம்பளத்தில் பெரும்பகுதி வாசலிலேயே பறிபோகிறது.

இந்தப் புழுக்களைப் பற்றி ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. இனிப்பு தின்றால் வயிற்றில் பூச்சி வரும், ஒன்று இரண்டு இருந்தால் உள்ளேயே பெருகிவிடும் என்பார்கள். இனிப்பிலிருந்து புழு உண்டாவதில்லை. உள்ளே பெருகுவதும் இல்லை. பெண் புழு இடும் முட்டை மலத்தோடு வெளியேறி, ஈரமான மண்ணில் சில நாள் முதல் சில வாரம் கிடந்தால்தான் அடுத்தவரைத் தொற்றும் நிலைக்கு வரும். உருண்டைப்புழு, சாட்டைப்புழு முட்டைகள் கழுவாத கை, கழுவாத கீரை வழியாக வாய்க்குள் போகின்றன. கொக்கிப்புழுவின் முட்டை மண்ணிலேயே பொரிந்து, அதன் இளம்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உடலுக்குள் நுழைகிறது. ஒரு பிள்ளையின் வயிற்றில் நூறு கொக்கிப்புழு இருந்தால், நூறும் தனித்தனியாக மண்ணிலிருந்து ஏறி வந்தவை.

இது தெரிந்துவிட்டால் பல திட்டங்களுக்கு இடையிலுள்ள தொடர்பு புலப்படும். பள்ளிக் கழிப்பறை, கை கழுவச் சோப்பு, தமிழ்நாட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தரும் விலையில்லாக் காலணி ஆகிய மூன்றும் புழுவின் பாதையை மூன்று இடங்களில் அடைக்கின்றன. காலணியை விழா நாளுக்கென்று எடுத்து வைத்துவிட்டு வெறுங்காலோடு வயலோரம் நடக்கும் பிள்ளைக்கு அந்தப் பாதை திறந்தே இருக்கிறது.

மாத்திரை செய்வது என்ன? குடற்புழு நீக்க மாத்திரையின் பெயர் அல்பெண்டசோல். புழு சர்க்கரையை உறிஞ்சிக்கொள்ளும் வேலையை அது முடக்குகிறது. பட்டினியில் புழு செத்து மலத்தோடு வெளியேறுகிறது. அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாமலே போய்விடும். இந்தியாவில் 2015 முதல் பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களை ஒட்டித் தேசியக் குடற்புழு நீக்க நாள் கடைப்பிடிக்கப்படுகிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கு 400 மில்லிகிராம், அதாவது ஒரு முழு மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயது வரை பாதி. முழுதாக விழுங்காமல் மென்று சாப்பிட வேண்டும். ஆண்டுக்கு இரண்டு முறை ஏன் என்பதற்கும் மண்தான் பதில்: மாத்திரை உள்ளே இருக்கும் புழுவைக் கொல்லும், மண்ணில் காத்திருக்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது.

இந்த மாத்திரையால் பள்ளி வருகையும் படிப்பும் எவ்வளவு உயர்கின்றன என்பதில் ஆய்வாளர்களிடையே நெடுநாளாகக் கருத்து வேறுபாடு உண்டு. கொக்கிப்புழு இரும்பைத் திருடுகிறது என்பதில் யாருக்கும் வேறுபாடு இல்லை.

ஏன் எல்லோருக்கும்? ஏன் வாரம் ஒன்று?

'பரிசோதனை செய்து, குறை இருப்பவர்களுக்கு மட்டும் கொடுக்கலாமே' என்பது நியாயமான கேள்வி. இரண்டு காரணங்களால் அது நடைமுறையில் தோற்கிறது. ஐந்து பெண்பிள்ளைகளில் இருவருக்குக் குறை இருக்கும் இடத்தில், இன்னும் பலருக்குச் சேமிப்பு கரைந்துகொண்டிருக்கும். அவர்களை ஹீமோகுளோபின் பரிசோதனை காட்டிக்கொடுக்காது. இரண்டாவது, புழுவைக் கண்டறிய ஒவ்வொரு பிள்ளையின் மலத்தையும் எடுத்து நுண்ணோக்கியில் பார்க்க வேண்டும். அதற்கு ஆகும் செலவும் நாளும் மாத்திரையின் விலையைவிடப் பல மடங்கு. மாத்திரையோ சொன்ன அளவில் எடுத்தால் பாதுகாப்பானது. எனவே குறை பரவலாக உள்ள இடத்தில் எல்லோருக்கும் கொடுப்பது என்று முடிவெடுக்கிறார்கள். பொது சுகாதாரத்தில் இதைத் தடுப்பு அளவு என்று சொல்லலாம்: நோய் வந்த பிறகு தீர்ப்பதற்கான மருந்தாக இல்லாமல், வராமல் காப்பதற்காக எல்லோருக்கும் தரும் சிறிய அளவு.

வாரந்தோறும் இரும்பு மாத்திரை தரும் தேசியத் திட்டம் 2013இல் தொடங்கியது. 2018இல் 'இரத்தசோகை இல்லாத பாரதம்' திட்டத்தின் கீழ் அளவுகள் திருத்தப்பட்டன. அதன்படி 10 முதல் 19 வயதினருக்கான நீல மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் போலிக் அமிலமும் இருக்கின்றன. போலிக் அமிலம் என்பது புதிய செல்கள் உருவாகத் தேவையான ஒரு வைட்டமின். 5 முதல் 9 வயதினருக்கு இளஞ்சிவப்பு மாத்திரை. அதில் 45 மில்லிகிராம் இரும்பு, 400 மைக்ரோகிராம் போலிக் அமிலம்.

ஏன் தினமும் இல்லை? ஒரே வேளையில் நிறைய இரும்பு வந்தால், அடுத்த ஒரு நாளுக்கு உடல் தானாகவே உறிஞ்சுவதைக் குறைத்துக்கொள்கிறது. இடைவெளி விட்டுக் கொடுத்தால் ஒவ்வொரு மாத்திரையிலிருந்தும் கிடைக்கும் பங்கு கூடுகிறது, வயிற்று உபாதையும் குறைகிறது. சேமிப்பு கரையாமல் காக்க இந்த அளவு போதும்.

ஆனால் ஏற்கெனவே இரத்தசோகை வந்துவிட்ட பிள்ளைக்கு வாரம் ஒரு மாத்திரை போதாது. அவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் சொல்லும் அளவில், தினமும், சில மாதங்கள் சிகிச்சை வேண்டும். அதன் பிறகும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்றால் காரணம் இரும்பாக இல்லாமல் வைட்டமின் பி12 குறைபாடாகவோ பரம்பரை இரத்த நோயாகவோ இருக்கலாம். அப்படிப்பட்ட பரம்பரை நோயான தலசீமியா இருப்பது தெரிந்த பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் இரும்பு கொடுக்கக் கூடாது. நீலகிரி போன்ற மலைப் பகுதிகளில் பழங்குடிப் பிள்ளைகளிடம் காணப்படும் அரிவாள் அணு நோய்க்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

சுருக்கமாக: வார மாத்திரை காப்பதற்கு, தினசரி மாத்திரை தீர்ப்பதற்கு. ஒன்றை இன்னொன்றாக எடுத்துக்கொண்டால் இரண்டும் பயன் தராது.

மயக்கமும் கறுத்த மலமும்

'மாத்திரை சாப்பிட்ட மாணவிகள் மயக்கம்' என்ற செய்தி அவ்வப்போது வருகிறது. செய்தியைப் படித்த வீடுகளில் அடுத்த வாரம் மாத்திரை குப்பைக்குப் போகிறது. நடப்பது என்ன என்று பார்ப்போம்.

இரும்பு மாத்திரை வெறும் வயிற்றில் குமட்டலையும் வயிற்று வலியையும் உண்டாக்கும். இது எல்லா மருத்துவரும் அறிந்தது. சாப்பிட்ட பிறகு எடுத்துக்கொண்டால் பெரும்பாலும் வராது. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பஸ் பிடித்து வந்த மாணவிக்கு முதல் வகுப்பிலேயே மாத்திரையைக் கொடுத்தால் தலை சுற்றத்தான் செய்யும். அவள் சாய்வதைப் பார்த்த பயத்தில் பக்கத்தில் இருப்பவர்களுக்கும் படபடப்பும் மயக்கமும் வருவதுண்டு. அவர்கள் நடிக்கவில்லை. பயம் உடலில் உண்மையாகவே அப்படி வேலை செய்யும். அவர்களை உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, ஆறுதல் சொல்லி, தேவையானால் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

சாப்பிட்ட பிறகு மாத்திரை கொடுக்கத் தமிழ்நாட்டில் ஒரு நல்ல வாய்ப்பு ஏற்கெனவே கையில் இருக்கிறது: பள்ளி உணவு. 1920இல் சென்னை மாநகராட்சியின் ஆயிரம் விளக்குப் பள்ளியில் தொடங்கி, 1950களில் காமராஜர் காலத்து மதிய உணவாகவும், 1982இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவாகவும் விரிந்த மரபு அது. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவுத் திட்டமும் சேர்ந்தது. சத்துணவு முடிந்த கையோடு மாத்திரை என்பதே மிகச் சரியான நேரம். ஆனால் சத்துணவு பத்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு. இரும்பு மிக அதிகமாகத் தேவைப்படும் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு மாணவிகளுக்குப் பள்ளியில் உணவு இல்லை. அவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்ததைச் சாப்பிட்டார்களா என்று கேட்காமல் மாத்திரையை நீட்டுவது சரியில்லை. அந்த இரண்டு வகுப்புகளுக்கும் உணவு நீட்டிக்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

கறுத்த மலம் இன்னொரு பயம். உறிஞ்சப்படாத இரும்பு வெளியேறுவதால் மலம் கறுக்கிறது, அதனால் தீங்கில்லை. இதை முன்கூட்டியே ஒரு வரி சொல்லியிருந்தால் எத்தனையோ பிள்ளைகள் மாத்திரையை நிறுத்தியிருக்க மாட்டார்கள். கருத்தரிப்பைத் தடுக்கும் என்பது வெறும் வதந்தி. கர்ப்பிணிகளுக்கு அரசு மருத்துவமனைகளில் மாதக்கணக்கில் தினமும் கொடுப்பதும் இரும்பும் போலிக் அமிலமும்தான்.

'சத்துதானே' என்ற ஆபத்து

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும்தான் படிக்க நேரம் உண்டு என்றால் இதைப் படியுங்கள்.

உடலில் அதிகமாகச் சேரும் இரும்பை வெளியேற்ற உடலுக்கு வழி கிடையாது. உப்பு கூடினால் சிறுநீரகம் வெளியேற்றும். இரும்புக்கு அப்படி ஒரு வாசல் இல்லை. இயல்பாகக் குடல் உறிஞ்சுவதை மட்டுப்படுத்தியே உடல் தன்னைக் காத்துக்கொள்கிறது. கைப்பிடி மாத்திரைகளை ஒரே நேரத்தில் விழுங்கினால் அந்தக் காவல் உடைந்துவிடும். இரும்பு குடலின் உட்சுவரை அரிக்கும், பிறகு கல்லீரலைத் தாக்கும்.

2023 மார்ச்சில் உதகையில் பள்ளிப் பிள்ளைகள் சிலர் யார் அதிக மாத்திரை சாப்பிடுவது என்று போட்டி போட்டார்கள். பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி இறந்துபோனாள். அந்தப் பிள்ளைகளுக்கு அது விஷமாகலாம் என்று தெரிந்திருக்காது. 'சத்து மாத்திரை' என்று மட்டும் சொல்லிக் கொடுத்தால், சத்து கூடினால் நல்லது என்றுதானே ஒரு குழந்தை நினைக்கும்?

எனவே சில விதிகளில் தளர்வே கூடாது. மாத்திரை ஆசிரியரின் கண் முன்னால், ஒன்று மட்டும் விழுங்கப்பட வேண்டும். அட்டையாகப் பிள்ளைகள் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. மீதி இருப்பது பூட்டிய அலமாரியில் இருக்க வேண்டும். கர்ப்பிணிக்காக வீட்டில் வைத்திருக்கும் மாத்திரைகளுக்கும் இதேதான். சின்னக் குழந்தைகளுக்கு அவற்றின் நிறமும் இனிப்புப் பூச்சும் மிட்டாய் போலத் தோன்றும். யாராவது கூடுதலாக விழுங்கிவிட்டால் 108ஐ அழைத்து உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். முதலில் வாந்தி, வயிற்று வலி வந்து, சில மணி நேரத்தில் பிள்ளை தேறிவிட்டது போலத் தோன்றலாம். அதை நம்பி வீட்டுக்கு அழைத்து வந்துவிடக் கூடாது. பாதிப்பு அதன் பிறகும் முற்றலாம்.

தட்டில் இருப்பது

மாத்திரை இருக்கிறதே என்று உணவை மறக்க முடியாது. உணவில் இரும்பு இரண்டு விதமாக வருகிறது. ஈரல், இறைச்சி, மீன் ஆகியவற்றில் உள்ளதில் ஒரு பகுதியை உடல் எளிதாக எடுத்துக்கொள்கிறது. கீரை, பருப்பு, தானியங்களில் உள்ளதைச் சிரமப்பட்டே எடுக்கிறது. சைவ உணவு சாப்பிடும் வீட்டில் இது ஒரு சிக்கல்தான், ஆனால் தீர்க்கக்கூடியது. கீரையோடு அல்லது பருப்போடு எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா என்று வைட்டமின் சி உள்ள ஏதாவது ஒன்று சேர்ந்தால் இரும்பு கூடுதலாக உறிஞ்சப்படும். முருங்கைக்கீரைப் பொரியலில் கொஞ்சம் எலுமிச்சைச் சாறு பிழிவதற்குப் பெரிய செலவில்லை.

இதற்கு நேரெதிராகச் செயல்படுவது தேநீர். தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருள் இரும்போடு பிணைந்து அதைக் குடல் எடுக்க முடியாமல் செய்துவிடுகிறது. சாப்பாட்டுக்கும் தேநீர், காபிக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. மாத்திரைக்கும் அப்படியே. பாலோடும் மாத்திரையை விழுங்க வேண்டாம்.

பீட்ரூட், மாதுளை, பேரீச்சம்பழம் பற்றியும் சொல்லியாக வேண்டும். சிவப்பாக இருப்பதால் பீட்ரூட் சாறு இரத்தமாக மாறும் என்ற நம்பிக்கை பலமாக இருக்கிறது. காயின் நிறத்துக்கும் இரும்புக்கும் தொடர்பு இல்லை. இவை நல்ல உணவுகள். ஆனால் இரத்தசோகையைத் தீர்க்கும் அளவுக்கு இவற்றில் இரும்பு கிடையாது. விலை கொடுத்து மாதுளை வாங்க முடியவில்லையே என்று எந்தத் தாயும் வருந்த வேண்டியதில்லை. கேழ்வரகு, கீரை, பயறு, வாரம் ஒரு நாள் முடிந்தால் ஆட்டு ஈரல் அல்லது நெத்திலி. இவை அதைவிட உதவும்.

வகுப்பில் சொல்ல வேண்டிய சில வரிகள்

2020இல் தொடங்கிய தேசியப் பள்ளி நலத் திட்டம் ஒவ்வொரு அரசுப் பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்களை நலத் தூதுவர்களாகப் பயிற்றுவிக்கச் சொல்கிறது. ஊட்டச்சத்து, மனநலம், போதைப்பொருள் தவிர்ப்பு எனப் பதினொரு தலைப்புகள். நல்ல ஏற்பாடு. ஆனால் நலக்கல்வி என்றால் தனி வகுப்பு, தனி நாள், தனிச் சுவரொட்டி என்று நினைக்கும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. மாத்திரை கொடுக்கும் அந்த ஐந்து நிமிடத்தைவிட நல்ல நலக்கல்வி வகுப்பு வேறு எது?

அப்போது சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இது ஆக்சிஜனைச் சுமக்கும் இரும்பு. சாப்பிட்ட பிறகு ஒன்றே ஒன்று, கூடினால் விஷம். மலம் கறுத்தால் பயப்பட வேண்டாம். யாருக்காவது மாதவிடாயில் இரத்தப்போக்கு மிக அதிகமாக இருந்தால் தனியாக வந்து சொல்லுங்கள். இந்தக் கடைசி வரிக்கு ஓர் ஆசிரியை இருக்க வேண்டும், தனியாகப் பேச ஓர் இடம் இருக்க வேண்டும். கிராமப்புற வளரிளம் பெண்களுக்கு இலவசமாக நாப்கின் தரும் புதுயுகம் திட்டம் தமிழ்நாட்டில் 2012 முதல் நடக்கிறது. நாப்கினை எண்ணிக் கொடுக்கும் அதே வேளையில் 'எத்தனை நாள் போகிறது, ஒரு நாளைக்கு எத்தனை மாற்றுகிறாய்' என்று கேட்டால், இரத்தசோகைக்கான காரணம் அந்தக் கேள்வியிலேயே பல நேரம் வெளிப்படும். ஏழு நாளுக்கு மேல் நீடிக்கிறது, மணிக்கு ஒரு முறை மாற்ற வேண்டியிருக்கிறது என்றால் அந்தப் பெண்ணை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

பையன்களையும் அதே அறையில் உட்காரவைத்து இரும்பைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்பேன். தன் தங்கை ஏன் களைத்துப் போகிறாள் என்று தெரிந்த அண்ணன் வீட்டில் அவளுக்கு ஒரு கரண்டி பருப்பு கூடுதலாக விடச் சொல்வான்.

பெற்றோர் கேட்க வேண்டியவை

பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் மதிப்பெண்ணைப் பற்றி மட்டும் பேசிவிட்டுத் திரும்பாமல் இவற்றையும் கேட்கலாம்: எந்தக் கிழமை மாத்திரை தருகிறீர்கள்? உணவுக்கு முன்பா, பின்பா? மீதியை எங்கே வைக்கிறீர்கள்? நடமாடும் மருத்துவக் குழு கடைசியாக எப்போது வந்தது? 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் இந்தக் குழுக்கள் பள்ளிகளுக்கும் அங்கன்வாடிகளுக்கும் வந்து, பதினெட்டு வயது வரையான பிள்ளைகளிடம் பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்க்கின்றன. உங்கள் பிள்ளையின் ஹீமோகுளோபின் அளவைக் குறித்திருந்தால் அந்த எண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை பார்க்கும்போது ஏறியிருக்கிறதா இறங்கியிருக்கிறதா என்பது அதை வைத்துத்தான் தெரியும்.

கோடை விடுமுறையில் பள்ளி மூடும்போது வார மாத்திரையும் நின்றுபோகும். இடைநின்ற பெண்பிள்ளைகளுக்கோ ஆண்டு முழுவதுமே பள்ளி வழி கிடைக்காது. பள்ளி செல்லாத வளரிளம் பெண்களுக்கு அங்கன்வாடி மையம் வழியாக மாத்திரை தர இத்திட்டத்திலேயே இடம் இருக்கிறது. விடுமுறை வாரங்களிலும் அங்கன்வாடிப் பணியாளரையோ கிராம சுகாதாரச் செவிலியரையோ கேட்டால் விவரம் கிடைக்கும்.